எதிர்க்கடை வாசல்

காமென்கிராத் கடைத்தெருவில் செல்போன் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் மனு எழுதியதில்லை. எதிர்க்கடை வாசலில் போய் நின்றால் போதும்.

தெருவின் இந்தப் பக்கம் யந்தார் கம்பெனியின் மஞ்சள் பலகை. கடை மின்சோவுடையது. அந்தப் பக்கம் ஸ்த்ரேலா கம்பெனியின் பச்சைப் பலகை. கடை வெலிச்கோவுடையது. மின்சோவின் சுவரை ஒட்டி என் செருப்புக்கடை. பதினேழு வருஷமாக இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறுத்துக்கொண்டதை நான் காசு கொடுக்காமல் பார்த்து வந்தேன்.

ஆட்டம் இப்படித்தான் நடக்கும். இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிற வாரம் ஆள் மின்சோ கடைக்கு வருவான். விலை கேட்பான். உதட்டைப் பிதுக்குவான். நேராகத் தெருவைக் கடந்து வெலிச்கோவின் கண்ணாடி முன்னால் போய், முதுகை இந்தப் பக்கம் காட்டி நிற்பான். உள்ளே போகக் கூடாது, போனால் ஆட்டம் கெட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காட்சிக்கு வைத்த பொம்மை போன்களைப் பார்த்தபடி நிற்க வேண்டும். மின்சோ மனசுக்குள் நூறு எண்ணுவான், பிறகு வாசலுக்கு வந்து கூப்பிடுவான். நூறைத் தாண்டிக் கூப்பிடாமல் இருந்தவன் அந்தத் தெருவில் பிழைத்ததில்லை.

இதில் கைதேர்ந்தவர் தோப்ரி. மேலே யெலோவித்சா கிராமத்தில் தேனீ வளர்ப்பவர். மின்சோவின் மாமனார் என்பது கூடுதல் வேடிக்கை. மருமகனிடமே அரைமணி நேரம் முதுகைக் காட்டி நிற்பார்.

"உள்ள வாங்க மாமா, ஊரே பாக்குது," என்று மின்சோ கத்துவான்.

"பாக்கட்டும். இந்த வெலிச்கோ எனக்கு மூணு லெவா குறைச்சுத் தர்றேங்கிறான்."

"நீங்க அவன் கடைக்குள்ளயே போகலையே!"

"அவன் கண்ணு சொல்லுச்சு மாப்ள."

மூன்று லெவா குறையும். தோப்ரி ஒரு போத்தல் தேனை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். அந்தத் தேன் முப்பது லெவா பெறும். ஆனாலும் ஜெயித்தது அவர்தான்.

அப்புறம் ஒரு வசந்தத்தில் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. தலைநகர் சோபியாவில் கோட்டுப் போட்டவர்கள் கைகுலுக்கியதை டிவியில் காட்டினார்கள். வாடிக்கையாளருக்கு நன்மை என்றார்கள். அரசாங்க ஆணையம் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தது: இரண்டு வருஷத்துக்குக் கட்டணத்தை ஏற்றக் கூடாது. மூன்றாவதாக ஒரு கம்பெனி இருக்கிறதே என்று சமாதானமும் சொன்னது. அந்த மூன்றாவது கம்பெனியின் சிக்னல் கடற்கரையில் பிரமாதமாக இருக்கும். எங்கள் மலையில் யெலோவித்சாவுக்கு நான்கு வளைவு முன்னாலேயே செத்துவிடும்.

எங்கள் ஊரில் யாராவது இறந்தால் கறுப்புக் கோடு போட்ட இரங்கல் தாள் அடித்து வீட்டுக் கதவில், கடைவாசலில், கம்பத்தில் ஒட்டுவார்கள். படம், வயது, இரண்டு வரி. அதை யாரும் கிழிப்பதில்லை. மழை கிழிக்கலாம், வெயில் கிழிக்கலாம். மனுஷன் கை வைக்கக் கூடாது. கம்பெனிகள் ஒன்றான அந்த வாரம் நான் சும்மா இருக்க முடியாமல் ஒன்று அடித்து வெலிச்கோவின் கதவில் ஒட்டினேன். ‘ஸ்த்ரேலா, வயது 19. கல்யாணமான அன்றே காலமானார். தவிக்கவிட்டுச் சென்றது: வெலிச்கோ.’ அவனுடைய பழைய ராணுவப் படம் ஒன்றும் கிடைத்தது.

தெரு வயிறு வலிக்கச் சிரித்தது. வெலிச்கோ வந்து படித்தான், என் கடையைப் பார்த்தான், காறித் துப்பினான். ஆனால் கிழிக்கவில்லை. விளையாட்டுத் தாளாக இருந்தாலும் தாள் தாள்தான். மே மாத மழை வரும்வரை அதன் பக்கத்தில் நின்றுதான் வியாபாரம் பார்த்தான்.

கோடையில் இரண்டு பலகைகளையும் கழற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரிப் பலகை மாட்டினார்கள். ‘எதின்’ என்று புதுப் பெயர், ‘ஒன்று’ என்று அர்த்தம். கூடவே கமேலியா என்ற மண்டல அதிகாரி கறுப்புக் காரில் வந்து இறங்கினாள். அழகான பெண், குரலை உயர்த்தவே மாட்டாள். இரண்டு பேரையும் மின்சோ கடையில் உட்காரவைத்துச் சொன்னாள். கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"இந்த ஊருக்கு ஒரு கடை போதுங்க. யாருதுன்னு நாங்க முடிவு பண்ணப் போறதில்ல. நீங்களே முடிவு பண்ணுங்க. தேமித்ரி திருநாளுக்குள்ள யாரு அதிக ரெண்டு வருஷ ஒப்பந்தம் போடுறாங்களோ அவங்க இருக்கலாம்."

"இன்னொருத்தன்?" என்றான் வெலிச்கோ.

"அவருக்கு நாங்க நன்றிக் கடிதம் தருவோம்."

கம்பெனிகளுக்குள் போட்டி ஒழிந்தது. அதைப் பொறுக்கி எடுத்து இந்த இரண்டு பேர் தலையில் வைத்துவிட்டாள். நானும் வியாபாரி வீட்டுப் பிள்ளை, என் அப்பா அர்மீனியர் தெருவில் இரண்டு சித்தப்பாக்களைத் திவாலாக்கியவர். இருந்தும் இந்தக் கைத்திறனுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினேன்.

மின்சோவுக்கு அந்தக் கடை இல்லாவிட்டால் வேறொன்றுமில்லை. நாற்பத்தாறு வயது, முதுகுவலி, தெரிந்த தொழில் இது ஒன்று. "போச்சுன்னா ஜெர்மனிக்குப் போய் பொட்டலம் தூக்கணும் அண்ணே," என்று என்னிடம் தினமும் சொல்வான். அவன் மனைவி நெவேனா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். ராத்திரியெல்லாம் அவன் விரல்விட்டு எண்ணுவதாகச் சொன்னாள். "என்னைக் கட்டிக்கிட்டப்பகூட இவரு இவ்ளோ யோசிக்கல."

செப்டம்பர் முடியும்போது வெலிச்கோ முப்பது ஒப்பந்தம் முன்னால் இருந்தான். ஊருக்குள் ஆள் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது யெலோவித்சா மட்டும். அறுபத்துச் சொச்சம் பேர். எல்லாரும் கிழடுகள், எல்லாரும் பேரம் பேசுகிறவர்கள். யாரும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

மின்சோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்தான். குளிர்காலக் காலணி மூட்டையோடு நானும் தொற்றிக்கொண்டேன். தோப்ரியின் முற்றத்தில் ராக்கியா சாராயம் ஊற்றினார்கள், ஊறுகாய் மிளகாய் வைத்தார்கள், ஊரே கூடிவிட்டது.

தோப்ரி காகிதத்தைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். "ரெண்டு வருஷம். இடையில விட்டுட்டுப் போகக் கூடாது. அப்ப நான் யாரு கடை வாசல்ல போயி நிக்கிறது?"

"அதே வெலிச்கோ வாசல்தான் மாமா."

"அவனும் நீயும் இப்ப ஒரே கம்பெனியாமே?"

"பலகைதான் ஒண்ணு. கடை ரெண்டு, ஆளு ரெண்டு. பிடிக்கலைன்னா எப்பவும் போலத் தெருவைக் கடந்து நில்லுங்க. நான் கூப்பிட மாட்டேனா?"

"கூப்பிடுவியா?"

"நெவேனா மேல சத்தியமா கூப்பிடுவேன்."

ஜெயித்த பிறகு வெலிச்கோவின் கடையே இருக்காது என்பது அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் மிளகாயைக் கடித்தேன். என் மூட்டையில் இருபது ஜோடி மிச்சம் இருந்தது, வாங்குகிற முகங்களைக் கெடுத்துக்கொள்ள எனக்கு என்ன தலையெழுத்து?

தோப்ரி முதலில் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டால் ஊர் போடும். அறுபத்தொன்று.

அக்டோபர் கடைசியில், தேமித்ரி திருநாளன்று வெலிச்கோவுக்கு நன்றிக் கடிதம் வந்தது. சாவியைக் கமேலியாவிடம் கொடுத்துவிட்டுத் தெருவின் நடுவில் நின்று மின்சோவைப் பார்த்துச் சொன்னான்: "பதினேழு வருஷமா உன்னால நான் பிழைச்சேன், என்னால நீ பிழைச்ச. இனிமே நீ யாரால பிழைக்கிறேன்னு பாப்போம்டா." அடுத்த வாரம் ஜெர்மனி பஸ் ஏறினான். கண்ணாடிக்கு உள்பக்கம் சாம்பல் காகிதம் ஒட்டிவிட்டார்கள்.

நவம்பரில் இரண்டு கோபுர வேலையாட்கள் என் கடைக்குக் கம்பளிக் காலுறை வாங்க வந்தார்கள். யெலோவித்சா மேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டவர் நின்றன, ஒன்று யந்தார் நட்டது, ஒன்று ஸ்த்ரேலா நட்டது. ஸ்த்ரேலாவுடையதைக் கோடையிலேயே இறக்கிவிட்டார்கள்.

"மிச்சம் இருந்ததையும் இன்னிக்குப் பிரிச்சாச்சு," என்றான் ஒருவன்.

"அங்க மனுஷங்க இருக்காங்கப்பா."

"இருக்காங்க. முன்ன இவன் வைக்கலைன்னா வாடிக்கையை அவன் புடுங்கிக்குவான்னு ரெண்டு பேரும் வச்சாங்க. இப்ப யாரு புடுங்கப் போறா? எல்லாரும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சாம். டவருக்குக் கரண்டு பில்லு யாரு கட்டுறது?" கால் விரலை ஆட்டிப் பார்த்தான். "விலையை ஏத்தக் கூடாதுன்னுதான அரசாங்கம் சொல்லுச்சு. டவரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. அண்ணே, ரெண்டு ஜோடியா எடுத்தா என்ன குறைப்பீங்க?"

கொஞ்சம் குறைத்தேன். விஷயத்துக்கு விலை கொடுத்துத்தானே ஆக வேண்டும்.

மின்சோவிடம் போய்ச் சொன்னபோது அவன் புதுச் சீட்டு இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். வருகிறவர்கள் பொத்தானை அமுக்கி எண் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும், அவன் மணி அடித்துக் கூப்பிடுவான். தலைக்கு மேல் காமிரா. கேட்டுவிட்டுத் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"ஒப்பந்தத்துல இருக்கு அண்ணே. ‘இயன்றவரை சிக்னல்’னு. சின்ன எழுத்துல."

டிசம்பரில் தோப்ரி பஸ் பிடித்து இறங்கிவந்தார். அன்று தெரு முழுக்கச் சேறும் பனியும். கடையில் ஏழெட்டுப் பேர். அவர் சீட்டு எடுக்கவில்லை, நேராக மேசைக்கு வந்தார்.

"மாப்ள, மேல ஒரு மாசமா சிக்னல் இல்ல. நெவேனாகிட்டப் பேசணும்னா மேட்டு உச்சிக்கு ஏறிப் பாறைமேல நிக்கணும். அங்கதான் ஒரு கோடு வருது."

"எழுதி அனுப்பியிருக்கேன் மாமா."

"யாருக்கு?"

"கம்பெனிக்கு."

"நீதான்யா கம்பெனி! உன் மூஞ்சியைப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்."

மின்சோ காமிராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். "புகாருன்னா கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணணும். இங்க ஒண்ணும் பண்ண முடியாது."

தோப்ரி அவனை உற்றுப் பார்த்தார். அப்புறம் அவர் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. புரிந்துவிட்டது, பேரம் தொடங்கிவிட்டது. "சரி. அப்ப நான் எதிர்க்கடைக்குப் போறேன்."

போனார். தெருவைக் கடந்து, சாம்பல் காகிதம் ஒட்டிய கண்ணாடி முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார். பார்க்க உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் பொம்மை போன்களைப் பார்க்கிற மாதிரியே தலையைச் சாய்த்து நின்றார்.

கடைக்குள் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு எண்ணினார்கள். நானும் எண்ணினேன். நூறு. இருநூறு. யாரோ ஒருத்தி, "கூப்பிட்டுத் தொலையேன்டா, கிழவன் விறைச்சுப் போயிடப் போறாரு," என்றாள்.

"கூப்பிட்டு என்னம்மா சொல்றது?" என்றான் மின்சோ. "குடுக்க என்கிட்ட என்ன இருக்கு?" மணியை அடித்தான். அடுத்த எண் எழுந்து போனது.

அரைமணி நேரம் ஆயிற்று. எனக்குத் தாங்கவில்லை. என்ன தாங்கவில்லை என்று கேட்டால், அவருடைய பழைய காலணிகள் இரண்டிலும் தையல் விட்டு ஈரம் ஏறிக்கொண்டிருந்தது தெரிந்தது. வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"தோப்ரி அண்ணே! வாங்க, காலைக் காய வைங்க."

வந்தார். நாற்பத்தெட்டு லெவா பூட்ஸை எடுத்துக் காட்டினேன். முப்பது என்றார். கட்டுபடியாகாது என்றேன். எழுந்தார், வாசலைத் தாண்டினார், ஐந்து தப்படி போனார். கூப்பிட்டேன். முப்பதுக்கே கொடுத்தேன். கிழவருக்குக் கண் பளபளத்தது.

"இது வியாபாரம்!" என்று மின்சோவின் கடைக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். "மனுஷன்னா கூப்பிடணும்யா!"

அந்த பூட்ஸ் நான்கு வருஷம் பரணில் கிடந்தது. ரப்பர் காய்ந்து மரக்கட்டையாகியிருந்தது. முப்பது லெவாவுக்கு வேறென்ன வரும்?

ஜனவரி இரண்டாம் வாரம் மேட்டில் பாறைக்குக் கீழே அவரைக் கண்டெடுத்தார்கள். பனிக்கட்டியில் சறுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து ஒரு நாள் முழுக்கக் கிடந்திருக்கலாம் என்றார் மருத்துவர். போன் பாறைமேல் கிடந்தது, எட்டாத இடத்தில். கடைசியாக அதிலிருந்து போன அழைப்பு கஸ்டமர் கேருக்கு. நாற்பத்திரண்டு நிமிஷம். அவ்வளவு நேரமும் யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது. வரிசையில் காத்திருந்திருக்கிறார்.

காலில் என் பூட்ஸ்தான். அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலை நெவேனா ஒரு கட்டு இரங்கல் தாளோடு தெருவுக்கு வந்தாள். மருந்துக்கடையில் ஒன்று, என் கதவில் ஒன்று, பஸ் நிறுத்தக் கம்பத்தில் ஒன்று. பிறகு மின்சோ கடையின் கண்ணாடிக் கதவில், ‘எதின்’ என்ற எழுத்துக்கு நேர் மேலே, நான்கு மூலையும் அழுத்தித் தேய்த்து ஒட்டினாள். தோப்ரி தேன்கூட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். மின்சோ உள்ளே நின்றுகொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

பத்தரைக்குக் கறுப்புக் கார் வந்தது. கடை இனி மின்சோவுக்குத்தான் என்று கம்பெனி தரும் நிரந்தர உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற நாள் அன்றுதான். கமேலியா இறங்கி, கதவைப் படித்தாள்.

"யாரு இவரு?"

"என் மாமனார்."

"ரொம்ப வருத்தமா இருக்குங்க," என்றாள், நிஜமாகவே வருத்தத்தோடு. "ஆனா கண்ணாடியில எதுவும் இருக்கக் கூடாதே. நான் முகப்பைப் படம் எடுத்து அனுப்பணும். அப்பத்தான் பத்திரம் செல்லும்."

"ஒரு பத்து நாளு பொறுங்களேன். இங்க இதைக் கிழிக்கிற வழக்கமில்ல."

"நான் கிழிக்கச் சொல்லலையே. நான் காபி குடிச்சிட்டு வர்றேன். வர்றப்ப எப்படி இருக்கோ அப்படிப் படம் எடுத்துக்கிறேன். முடிவு உங்களோடதுதான்."

தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இறைச்சிக்கடைக்காரன் கத்தியோடு நின்றான். மின்சோ வெளியே வந்து தாளைப் பார்த்தான். ஒரு மூலையை நகத்தால் கீறிப் பார்த்தான். நெவேனா நல்ல பசையாகப் போட்டிருந்தாள். உள்ளே போய் ஒரு சவர பிளேடை எடுத்து வந்தான்.

ஓரத்திலிருந்து தொடங்கினான். கறுப்புக் கோடு வந்தது, பெயர் வந்தது. முகம் மட்டும் வரவில்லை, அது ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகத்தான் வந்தது. வாளியில் வெந்நீர் கொண்டுவந்து ஊற வைத்துச் சுரண்டினான். எதிர்ச் சாரியில் நெவேனா மிச்சத் தாள்களை மார்பில் அணைத்தபடி நின்று கடைசித் துண்டு விழும்வரை பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு," என்றாள் திரும்பி வந்த கமேலியா. படம் எடுத்தாள். பேனாவைத் திறந்து கொடுத்தாள்.

அன்று மாலையே நெவேனா துணிகளை எடுத்துக்கொண்டு யெலோவித்சாவுக்குப் போய்விட்டாள். ஒரு மாதம் மின்சோ கடையில் யாரும் நுழையமாட்டோம் என்று தெருவே சபதம் போட்டது. நான்தான் முதலில் சொன்னேன். சபதம் ஒன்பது நாள் நின்றது. பத்தாம் நாள் இறைச்சிக்கடைக்காரனின் போன் கெட்டுப்போனது.

தோப்ரியின் நாற்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நானும் அங்கே சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சிம் மாற்ற வேண்டியிருந்தது. பதினான்காம் எண்ணுக்கு மணி அடித்தது. எழுந்தவள் நெவேனா. கறுப்புத் துணி, கையில் ஒரு உறை.

"அப்பாவோட ஒப்பந்தத்தை முடிக்கணும்," என்றாள். "மாசா மாசம் பில்லு வருது."

மின்சோ அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தான். "ஒப்பந்தக்காரரு நேர்ல வரணும்."

அவனுக்கே சட்டென்று விளங்கியிருக்க வேண்டும், காது சிவந்தது. "இல்லைன்னா... இறப்புச் சான்றிதழ். அசல்."

உறையை நீட்டினாள்.

"வாரிசுச் சான்றிதழ்?"

"மின்சோ."

"இதுல கேக்குது நெவேனா. அது இல்லாம அடுத்த பக்கம் போகாது. நகராட்சியில வாங்கிட்டு வரணும்."

"நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?"

அவன் வாயைத் திறந்தான். மேலே காமிராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. மூடிக்கொண்டான்.

நெவேனா உறையை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். வெளியே போனாள். பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. தெருவைக் கடந்து, சாம்பல் காகிதம் ஒட்டிய அந்தக் கண்ணாடி முன்னால், அப்பா நின்ற அதே இடத்தில், முதுகைக் காட்டி நின்றாள். கையையும் அவரைப் போலவே பின்னால் கட்டியிருந்தாள்.

யாரும் எண்ணவில்லை என்று சொல்ல மாட்டேன். எண்ணினோம். மின்சோ நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பாதி எழுந்தான். அவன் உதடுகளும் எண்ணிக்கொண்டிருந்தன. தொண்ணூறு வரைக்கும் அப்படியே நின்றான். கூப்பிடுவான் என்றுதான் நினைத்தேன், பந்தயம் கட்டியிருந்தால் தோற்றிருப்பேன்.

உட்கார்ந்து மணியை அடித்தான்.

"பதினஞ்சு."

என் சீட்டு. எழுந்து போனேன்.